கம்ப்யூட்டர் நின்னு போச்சா? பதறாம பிளக்கிலிருந்து ஆரம்பிப்போம்



கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் மாதக் கூட்டங்களுக்குப் போகும்போது சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு இப்போது இன்னொரு கேள்வியும் வருகிறது. "மேடம், பையனுக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்பு ஆன் ஆகல. கடையில காட்டினா மதர்போர்டு போச்சுங்கறாங்க. எடைக்குப் போட்டுடலாமா?" வேறொரு குழுவின் ஊக்குநர், "கணக்கு எல்லாம் அதுலதான் இருக்கு, இப்ப நீலக் கலர்ல என்னமோ வருது" என்று கையைப் பிசைகிறார்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு நம் ஊர்களில் கம்ப்யூட்டர் என்பது எட்டாத பொருளாக இல்லை. பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அதே மடிக்கணினியில் குழுக் கணக்கு எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் அது நின்றுவிட்டால் துணியைச் சுற்றிப் பரண்மேல் வைத்துவிடுகிறோம். அப்படிப் பரண் ஏறியவற்றில் பல, சின்னக் கோளாறு உள்ளவைதான். சார்ஜர் பழுது, தளர்ந்த ரேம், நிரம்பிய டிஸ்க், சாப்ட்வேர் சிக்கல் என்று அடங்கிவிடும்.

இந்தக் கட்டுரையில் இரண்டு விஷயங்களை மனதில் பதிய வைக்க விரும்புகிறோம். ஒன்று, இயந்திரம் வேறு, அதற்குள் இருக்கும் நம் தகவல் வேறு. இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். மூன்று வருடக் குழுக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனால் எந்தப் பழுதாக இருந்தாலும் முதலில் தகவலைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு, பழுதைத் தேடும்போது வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். பிளக், வயர், சார்ஜர், திரை, அதன் பிறகுதான் உள்ளே. சைக்கிள் ஓடவில்லை என்றால் முதலில் காற்று இருக்கிறதா என்றுதானே பார்ப்போம்?

ஹார்டுவேர், சாப்ட்வேர் என்றால் என்ன?

சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, பாத்திரம், மேடை, மளிகை அலமாரி இவையெல்லாம் கையால் தொடக்கூடியவை. இது ஹார்டுவேர். எதை முதலில் போடுவது, எவ்வளவு நேரம் வேக வைப்பது என்ற பக்குவம் சாப்ட்வேர். அடுப்பு எரியாவிட்டாலும் சாப்பாடு வராது, பக்குவம் தப்பினாலும் சாப்பாடு வராது. எது தப்பியது என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும்.

சமைக்கும் கை பிராசசர். காய் நறுக்கி வைக்கும் மேடை ரேம். மேடை சின்னதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு வேலை செய்ய முடியாது. வேலை முடிந்ததும் மேடையைத் துடைத்துவிடுவோம். அதுபோல கரண்ட் போனால் ரேமில் இருப்பது போய்விடும். மளிகை அலமாரிதான் ஹார்டு டிஸ்க். கரண்ட் போனாலும் அதில் வைத்தது அப்படியே இருக்கும். நாம் 'சேவ்' செய்வது என்றால் மேடையிலிருந்து எடுத்து அலமாரியில் வைப்பது. சேவ் செய்யாமல் கரண்ட் போனால் ஏன் எல்லாம் போய்விடுகிறது என்பது இப்போது புரியும்.

கை வைக்கும் முன் மூன்று கேள்வி

டாக்டரிடம் போனால் எடுத்த எடுப்பில் ஊசி போடுவதில்லை. எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார். நாமும் கேட்போம்.

1. கடைசியாக எப்போது நன்றாக வேலை செய்தது?
2. அதற்குப் பிறகு என்ன புதிதாக நடந்தது? புது பென் டிரைவ் போட்டோமா, புது புரோகிராம் ஏற்றினோமா, இடி மின்னல் இருந்ததா, கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா?
3. திரையில் என்ன எழுதியிருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டாம். செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் இருக்கிறதே என்று பயந்து உடனே ஆஃப் செய்துவிட்டால், பழுதைச் சொல்லும் ஒரே சாட்சியையும் அனுப்பிவிடுகிறோம். குழுத் தீர்மான நோட்டைப் போல ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பதும் நல்ல பழக்கம்.

ஆன் பண்ணா ஒண்ணுமே வரலை

முதலில் கரண்ட். கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி அதே இடத்தில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். போன் சார்ஜ் ஏறவில்லை என்றால் பழுது சுவரில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகப் போட்டிருந்தால் அதைத் தவிர்த்து நேராகச் சுவரில் போட்டுப் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் பிளக் பாயிண்ட் உள்ளே பச்சைப் பாசி போலப் பிடித்துவிடும். வெளியில் பார்த்தால் தெரியாது, செருகினால் கரண்ட் சரியாகப் பாயாது.

மேசைக் கம்ப்யூட்டர் என்றால் சி.பி.யு. பெட்டியின் பின்பக்கம் வயர் செருகும் இடத்தருகே பல பெட்டிகளில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வீடு பெருக்கும்போது தட்டுப்பட்டு அது அணைந்திருக்கலாம். யு.பி.எஸ். வைத்திருந்தால் அதை விட்டுவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள். நேராக இணைத்தால் ஓடுகிறது என்றால் பழுது யு.பி.எஸ்.ஸில். அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடுவது இயல்பு, பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும்.

மடிக்கணினி என்றால் சார்ஜரைப் பாருங்கள். வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கும். அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சார்ஜரை ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். வேறு கம்பெனி சார்ஜரை முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகக் கூடாது. சார்ஜரின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் எண் பழையதைவிடக் குறையக் கூடாது.

அதற்கும் வரவில்லையா? சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றும் வகை என்றால் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்திருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வெளியேறிவிடும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். செத்துப்போனதாக நினைத்த மடிக்கணினி இதில் எழுந்து உட்காருவதும் உண்டு. பேட்டரி இல்லாமல் ஓடுகிறது என்றால் பழுது பேட்டரியில்.

சகோதரிகளே, இங்கே ஒரு எச்சரிக்கை. சி.பி.யு. பெட்டியைத் தொட்டால் 'ஜிவ்' என்று ஷாக் அடிக்கிறது என்றால், "லேசாத்தானே அடிக்குது" என்று விடாதீர்கள். வீட்டில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை வெட்டிவிட்டு இரண்டு முனையில் ஓட்டவும் கூடாது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டியை யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

லைட் எரியுது, ஃபேன் சுத்துது, படம் வரலை

மானிட்டர் தனியாக இருந்தால் அதற்குக் கரண்ட் வருகிறதா, பெட்டிக்குப் போகும் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினியின் திரை கருப்பாக இருந்தால் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் கம்ப்யூட்டர் ஓடுகிறது, திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான் போயிருக்கிறது. இன்னொரு மானிட்டரையோ டி.வி.யையோ கேபிளில் இணைத்து அதில் படம் வந்தாலும் அதே முடிவுதான். மதர்போர்டு நல்லா இருக்கிறது. தகவலும் பத்திரம்.

'பீப் பீப்' என்று சத்தம் வருகிறதா? எத்தனை முறை, நீளமாகவா குட்டையாகவா என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். ஆனால் தொடர்ந்து கத்தினால் பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை என்று பொருள். பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, பெட்டியின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி ரேமை எடுக்க வேண்டும். தங்க நிறத்தில் இருக்கும் ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி வைக்கலாம். கை நடுங்குகிறவர்கள் கடையில் கொடுத்தே செய்யலாம், தவறில்லை. ஆனால் "ரேமைக் கழட்டி க்ளீன் பண்ணிப் பாருங்க" என்று நாம் சொல்லிக் கொடுத்தாலே கடைக்காரர் நம்மைப் பார்க்கும் பார்வை மாறும்.

பழுதே இல்லாத பழுதுகள்

சிலது பழுதே கிடையாது, ஆனால் நம்மை அழ வைக்கும்.

மடிக்கணினியில் ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 என்று எண் வருகிறதா? கீபோர்டு கெடவில்லை. 'நம் லாக்' ஆன் ஆகியிருக்கிறது. அந்தக் கீயையோ, 'எஃப்என்' கீயைப் பிடித்துக்கொண்டு அதையோ அழுத்தினால் சரியாகிவிடும்.

விரல் வைத்தால் அம்புக்குறி நகரவில்லையா? மேல்வரிசைக் கீகளில் ஒன்றில் விரல் தொடும் பலகை படம் போட்டிருக்கும். 'எஃப்என்' உடன் அதை அழுத்திப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் ஸ்பீக்கர் படத்தில் குறுக்குக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடுகிறதா? மதர்போர்டில் காசு போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சி.ஆர்.2032 என்று எழுதியிருக்கும். 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் வங்கி, அரசு இணையதளங்கள் "பாதுகாப்பு இல்லை" என்று திறக்க மறுக்கும். நெட் போச்சு என்று நினைத்து ரீசார்ஜ் செய்துகொண்டிருப்போம். ஒரு சின்ன பேட்டரிதான் காரணம்.

ஹார்டுவேரா சாப்ட்வேரா? கண்டுபிடிக்க ஒரு வழி

ஓடுகிறது, ஆனால் பாதியில் நிற்கிறது, நீலத்திரை வருகிறது, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. இதில் எது குற்றவாளி?

அரசு மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தொடக்க ஆண்டுகளில் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே போட்டிருந்தார்கள். ஆன் செய்ததும் எதில் போக வேண்டும் என்று கேட்கும். விண்டோஸில் நின்றுவிடுகிற மெஷின் பாஸில் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் ஹார்டுவேர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, விண்டோஸில்தான் கோளாறு. இரண்டிலும் நிற்கிறது என்றால் சூடு, ரேம், ஹார்டு டிஸ்க் பக்கம் தேடலாம். அதோடு, விண்டோஸ் திறக்காவிட்டாலும் பாஸ் வழியாகப் போய் நம் ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. பாஸ் இல்லாதவர்கள் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைச் செருகி அதிலிருந்து ஆன் செய்தும் இதைச் செய்யலாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள், கேட்டால் செய்து தருவார்கள்.

விண்டோஸிலேயே 'சேஃப் மோட்' என்று ஒன்று உண்டு. அவசியமானதை மட்டும் வைத்துத் திறக்கும். விண்டோஸ் 7-இல் ஆன் செய்ததும் எஃப்8 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் வரும். விண்டோஸ் 10-இல் ஷிப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்தப் பட்டியலுக்குப் போகலாம். சேஃப் மோடில் நன்றாக ஓடினால், கடைசியாக ஏற்றிய புரோகிராமை நீக்கிப் பாருங்கள்.

இழு இழு என்று இழுக்குது

முதல் சந்தேகம் சூடு. மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஓட்டினால் அடியில் காற்றுப் போகும் வழி அடைபடும். சூடு ஏறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இன்னும் ஏறினால் அணைந்துவிடும். பலகை மேல் வையுங்கள். பக்கவாட்டுத் துளையில் தூசி இருந்தால் அணைத்துவிட்டு மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள்.

அடுத்து இடம். சி டிரைவ் சிவப்புக் கோடாக நிரம்பியிருந்தால் விண்டோஸுக்கு மூச்சு முட்டும். சினிமாப் படங்களை நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எது அதிகம் தின்கிறது என்று அதில் தெரியும்.

'டிக் டிக்' என்று ஒரே சீராகச் சத்தம் வருகிறதா? ஃபைல் திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறதா? இது ஹார்டு டிஸ்க் சாகப் போகிறேன் என்று சொல்லும் சத்தம். அந்த நிமிடமே வேறு எதுவும் செய்யாமல் கணக்கு ஃபைல்களைப் பென் டிரைவில் எடுங்கள். பிறகு பழைய டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய மடிக்கணினியும் ஓடத் தொடங்கும். ஆனால் அரசின் முதல் ஆண்டு மடிக்கணினிகளில் ரேம் 2 ஜி.பி. தான். புது விண்டோஸை ஏற்றி அதை வதைப்பதைவிட இலகுவான லினக்ஸ் போட்டுக் கணக்கு எழுதப் பயன்படுத்துவது மேல்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் புதிய வைரஸ்களுக்கான இலவசத் தடுப்பு அப்டேட் வழக்கம்போல் வராது. பழைய விண்டோஸ் உள்ள மெஷினில் வங்கி வேலையும் பணப் பரிமாற்றமும் செய்ய வேண்டாம்.

பென் டிரைவ் வழி வரும் வைரஸ்

ஜெராக்ஸ் கடையில் ஒரு மனுவைப் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவ் கொடுக்கிறோம். வீட்டில் வந்து போட்டால் எல்லா ஃபோல்டரும் குட்டி அம்புக்குறியோடு 'ஷார்ட்கட்' ஆகியிருக்கிறது. திறந்தால் எதுவும் இல்லை. "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று பென் டிரைவைப் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். இந்த வகை வைரஸ் பெரும்பாலும் ஃபைலை அழிப்பதில்லை, ஒளித்து வைக்கிறது. அந்தக் குறியைக் கிளிக் செய்யாமல், பென் டிரைவ் மீது வலது கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். விண்டோஸ் 10-இல் டிஃபெண்டர் என்ற தடுப்பு உள்ளேயே இருக்கிறது, தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பிறகு ஃபோல்டர் பட்டியலில் 'வியூ' பகுதிக்குப் போய் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால் ஃபைல்கள் தெரியும். அதற்கும் தெரியாவிட்டால் 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை' என்ற டிக்கையும் எடுக்க வேண்டும். பிரிண்ட் எடுக்க மட்டும் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்வது இதற்கு எளிய வழி.

இன்னொரு ஏமாற்று இருக்கிறது. நெட் பார்க்கும்போது திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்' என்று வரும், சத்தமும் போடும். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் வருவதே இல்லை. நம்பர் இருந்தால் அது திருட்டு. போன் செய்யாமல், டாஸ்க் மேனேஜரில் அந்த இணைய ஜன்னலை மூடுங்கள். முடியவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து கோழி கிளறின மாதிரி வருது

பழைய தீர்மானம், பழைய மனு எதையாவது திறந்தால் தமிழுக்குப் பதில் இங்கிலீஷ் எழுத்தும் குறிகளும் கலந்து கிடக்கும். இது வைரஸ் இல்லை. முன்பு பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தோம். அடித்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது இப்படித்தான் தெரியும். ஃபைல் கெடவில்லை. அந்த எழுத்துருவை மட்டும் போட்டால் தமிழ் திரும்பி வந்துவிடும். அல்லது என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இனி எதை அடித்தாலும் யூனிகோடிலேயே அடியுங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும், செல்போனிலும்கூட, அப்படியே தெரியும்.

தண்ணீர் பட்டால், பேட்டரி உப்பினால்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததையும், 2015 நவம்பர் வெள்ளத்தையும் நம் மாவட்டம் மறக்காது. தண்ணீர் புகுந்த கம்ப்யூட்டரை "ஓடுதா பார்ப்போம்" என்று ஆன் செய்வதுதான் அதைக் கொல்வது. தண்ணீர் கெடுப்பதைவிட ஈரத்தில் பாயும் மின்சாரம் அதிகம் கெடுக்கும். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, ஆன் செய்யாமல் கடைக்குக் கொண்டு போங்கள். மெஷின் போனாலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்துத் தகவலை எடுக்க வாய்ப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடிக்கும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள்.

மடிக்கணினியின் அடிப்பாகமோ விரல் தொடும் பலகையோ உப்பி மேலே தூக்கினால் பேட்டரி வீங்கியிருக்கிறது. குத்தவோ அழுத்தவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பையிலும் போடக் கூடாது. கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது

இதுவரை சொன்னதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். நேர்மையாகப் பார்த்துத் தரும் மெக்கானிக்குகள் கடலூரிலும் சிதம்பரத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாமும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று கடையில் கொடுத்தார்கள். "ஃபார்மட் பண்ணிடலாம், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார் கடைக்காரர். தலையாட்டிவிட்டு வந்தார்கள். திரும்பி வந்தபோது மெஷின் வேகமாக ஓடியது, கணக்கு இல்லை. ஃபார்மட் என்றால் அலமாரியையே கழுவிவிடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாஸ்புக்கையும் உறுப்பினர்களின் சிறு சேமிப்பு நோட்டுகளையும் வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து திரும்ப எழுதினார்கள். நோட்டில் பதியாத இரண்டு தவணைகள் பற்றி, "நான் கட்டினேன்", "கட்டலை" என்று பேச்சு வளர்ந்து, பத்து வருடம் பழகிய பெண்கள் ஒரே பாயில் உட்காராமல் போனார்கள். குழுவைக் கட்டி வைத்திருப்பது நம்பிக்கை, அந்த நம்பிக்கைக்கு எழுத்து கணக்கு.

அதனால் கடையில் இதைக் கேளுங்கள்:

1. "ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி என் ஃபைலை எடுத்துக் குடுங்க." எடுத்ததைத் திறந்து பார்த்த பிறகே சம்மதியுங்கள். டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் வைத்தது சி டிரைவில்தான் இருக்கும். "சி-யை மட்டும்தான் அழிப்பேன்" என்றாலும் அதுவும் போய்விடும்.
2. "எவ்வளவு ஆகும்? முதல்ல சொல்லுங்க, கேட்டுட்டுப் பண்ணுங்க."
3. "மாத்தின பழைய பார்ட்டை என்கிட்டயே குடுங்க."
4. "பில்லு வேணும், என்ன மாத்தினீங்கன்னு எழுதிக் குடுங்க."

கொடுப்பதற்கு முன் மெஷினின் அடியில் உள்ள சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி பாஸ்வேர்டு எதையும் சொல்ல வேண்டாம். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில் இருந்தால்தான் புகார் நிற்கும்.

தவறி அழிந்துவிட்டாலும் ஒரு வழி உண்டு. அந்த மெஷினில் அதற்குமேல் எதையும் ஏற்றாமல் உடனே நிறுத்திவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் அழித்தது, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்கக்கூடியதாக இருக்கலாம். எஸ்.எஸ்.டி.யில் அந்த வாய்ப்பு குறைவு.

கூட்ட நாளே காப்பி நாள்

இதெல்லாம் நடக்காமல் இருக்கவே இந்தப் பழக்கம். மாதக் கூட்டம் முடிந்து கணக்கை முடித்த அன்றே மூன்று இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறொரு வீட்டில். பென் டிரைவும் மடிக்கணினியும் ஒரே பையில் இருந்தால், வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபைல் பெயரில் தேதி போடுங்கள். பழைய மாதத்தின் மேல் புதியதை எழுதாமல் தனித்தனியாக வையுங்கள். பேப்பர் லெட்ஜரையும் நிறுத்த வேண்டாம். அதற்குக் கரண்டும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

"இதெல்லாம் படிச்சவங்க வேலை" என்று ஒதுங்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரை மையமாக வைத்துப் பல கிராமங்களை இணைத்தது. கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் சூரிய சக்தியையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மையங்களின் கம்ப்யூட்டரை இயக்கியவர்களில் பெரும்பாலோர் அதே கிராமத்துப் பெண்கள். கடலோர வீராம்பட்டினத்தில் அலை உயரத் தகவலை நெட்டில் எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இன்றைக்கு உள்ள செல்போனும் நெட்டும் அன்று அவர்களிடம் இல்லை.

ஒவ்வொரு குழுவிலும் இருவர் இதைக் கற்றுக்கொள்ள முன்வாருங்கள். ஒருவர் என்றால் அவர் ஊருக்குப் போகும் நாளில்தான் மெஷின் நிற்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், மென்மையான பிரஷ், பென்சில் ரப்பர், சுத்தமான பென் டிரைவ், ஒரு நோட்டு, இவ்வளவுதான் தேவை. பரண்மேல் இருக்கும் மடிக்கணினிகளை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரே மாடல் நாலு சேர்ந்தால் ஒன்றின் சார்ஜரை இன்னொன்றில் போட்டுப் பார்க்கலாம், ஒன்றின் பேட்டரியை மற்றதில் பார்க்கலாம். நாலில் ஒன்று எழுந்தாலும் குழுவுக்கு ஒரு கம்ப்யூட்டர் மிச்சம்.